பால் பக்கெட்

கொட்டாஞ்சேனை பெற்றோல் செட்டில் பத்தொன்பது வருடமாகப் பம்ப் பிடித்த அழகருக்கு இரத்தம் வற்றிக்கொண்டே போனது. பெற்றோல் ஆவிதான் காரணமென்று எழுத, செட்டிலிருந்து ஒரு கடிதம் வேண்டுமென்றார் டொக்டர். அது இல்லாவிட்டால் வேலையால் வந்த நோய் என்று எவரும் ஒப்பப்போவதில்லை. மகள் சுதர்சினி, கண்ணாடி அறைக்குள் ஏசியில் குளிர்ந்துகொண்டிருந்த மனேஜர் முன்னால் போய் நின்றாள்.

“ஆவிக்கு மருந்தா நாளுக்கொரு கால் லீற்றர் பால் பக்கெட் குடுத்தனாங்கள்தானே, தங்கச்சி. உங்கட அப்பா குடிக்கேல்லை, வீட்டை கொண்டுபோனவர். கெமராவில கிடக்கு. நான் அப்பிடித்தான் எழுதுவன்.”

பொய்யில்லை. அந்தப் பாலைக் குடித்துத்தான் அவள் வளர்ந்து, இரசாயனவியலில் பட்டமும் எடுத்தாள். பால் பெற்றோலை முறிக்காது என்பது அந்தப் பட்டம் சொல்லித்தந்த பாடம்.

“அப்படியே எழுதுங்க சேர். பத்தொன்பது வருசமா இங்க நின்னாரு, பால் குடிக்காததால பெற்றோல் ஆவி ரத்தத்துல ஏறிருச்சுன்னு. சீலும் குத்திருங்க.”

மடக்கிவிட்ட சந்தோஷத்தில் மனேஜர் வரி பிசகாமல் எழுதி, சீலை இரண்டு தரம் குத்தினார்.

டொக்டர் கேட்ட கடிதத்தில் பால் மட்டும்தான் அதிகப்படி.