முப்பது எழுத்துக்குள்

கஜபதி கேஸ் ஏஜென்சிக்குக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று பஞ்சவர்ணத்துக்கு முதலில் சொல்லப்பட்டது, இனி அந்த அறைக்குள் செருப்போடு போகக் கூடாது என்பதுதான். கண்ணாடிக் கதவு, ஏசி, திரையின் நெற்றியில் சந்தனம் குங்குமம். ஆவடியில் அவர்கள் தெருவுக்கே அது புதுசு. பூஜை முடிந்து முதலாளி கஜபதி அவளைத்தான் நாற்காலியில் உட்கார வைத்தார்.

பதினோரு வருடமாக அங்கே புக்கிங் எடுப்பவள் அவள். போனில் "ஹலோ" என்று ஒரு குரல் கேட்டால் போதும், எந்தத் தெரு, எந்த வீடு, போன சிலிண்டர் எத்தனை நாள் வந்தது என்பது வரை சொல்லிவிடுவாள். வளைகாப்பு வைத்திருக்கும் வீட்டுக்கு இரண்டு நாள் முன்னதாக அனுப்புவாள். ஊருக்குப் போகிறவர்களுக்குத் திரும்பி வந்ததும் அனுப்புவாள். இப்போது பெயர் சொன்னால் போதாது, நம்பர் சொல்ல வேண்டும். நம்பரைத் தட்டினால் சீட்டு. முதலில் புக் செய்தவருக்கு முதலில்.

அதில் நியாயம் இருக்கிறது என்பதை அவளால் மறுக்க முடியவில்லை. தெரிந்த குரல் என்று ஒருத்தியை அவள் முன்னால் தள்ளிய ஒவ்வொரு முறையும், தெரியாத ஒருத்தி எங்கோ ஸ்டவ்வுக்குத் திரி திருகிக்கொண்டிருந்திருப்பாள். பதினோரு வருடத்தில் இது ஒரு நாள்கூட உறைக்காமல் ஒரு இயந்திரம் வந்து உறைத்ததில் அவளுக்கு வெட்கம்தான். ஆனால் வெட்கத்துக்கு அடியில் வேறொன்று கிடந்து குடைந்தது. இத்தனை பேரையும் இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறேனே, இதை இனி நான் எங்கே கொண்டு போய் வைப்பேன்?

வேம்புலிக்கும் அதே குடைச்சல். ஒன்பது வருடமாகப் பருத்திப்பட்டுப் பக்கம் சிலிண்டர் போடுகிறவன். இப்போது சீட்டு வருகிற வரிசைப்படி பாதி அவனுக்கு, பாதி சம்பத்துக்கு. சம்பத் அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் மெஷின் ஓட்டிவிட்டு வந்தவர். மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். அந்த இரைச்சலில் பேசிப் பயனில்லை என்று பேச்சையே விட்டவர் போலிருப்பார். ஆனால் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்வார்.

திரையின் அடியில் 'ரிமார்க்ஸ்' என்றொரு கட்டம் காலியாக இருப்பதைப் பஞ்சவர்ணம் இரண்டாவது வாரம் கண்டுபிடித்தாள். முப்பது எழுத்து கொள்ளும். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரரைக் கேட்டால், எதை வேண்டுமானாலும் போடலாம் மேடம், யாரும் போடுவதில்லை என்றார். அன்று மத்தியானமே ஆரம்பித்தாள். ஆங்கில எழுத்தில் தமிழ். தனக்குத் தெரிந்ததெல்லாம் போக, மிச்சத்தை வேம்புலி சொன்னான். பூட்ஸைக் கழற்றச் சோம்பல்பட்டு, வாசலில் காலி சிலிண்டர் மேல் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவை ஒரு சாண் திறந்து வைத்துக்கொண்டு சொன்னான். குளிர்காற்றெல்லாம் தெருவுக்குப் போகிறது என்று கஜபதி முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

பருத்திப்பட்டு ஏரிக்கரை வீட்டுப் பார்வதம்மாளின் நம்பர் வந்ததும் வேம்புலி கதவை இன்னும் கொஞ்சம் தள்ளித் தலையை உள்ளே நீட்டினான். பிறகு சொன்னான்.

"எக்கா, அந்தம்மா ஒண்டியா கீது. போட்டமா வந்தமான்னு வரக் கூடாது. ஒரு பத்து நிமிசம் குந்தி பேசிட்டு வரணும். சம்பத்தாண்ட சொல்லிடு, அந்தாளு வாயத் தொறக்க மாட்டான்."

பஞ்சவர்ணம் எண்ணி எண்ணித் தட்டினாள். 'தனி. 10 நிமிஷம் பேசிட்டு வா.' சரியாக முப்பது. அந்தக் கட்டம் அந்த வரிக்காகவே அளந்து வைத்தது போல் இருந்தது. பதினைந்து நாளில் அறுநூறு வீடுகளுக்கு எழுதி முடித்து, அதன் பிறகுதான் அதைச் சீட்டில் அச்சாக விட்டாள். இத்தனை சந்தோஷமாக அவள் எதையும் எழுதியதில்லை.

ஒன்றை மட்டும் அவள் யோசிக்கவில்லை. சீட்டு மூன்று நகல். வெள்ளை ஆபீசுக்கு, மஞ்சள் சிலிண்டர் போடுகிறவருக்கு, ரோஸ் வாடிக்கையாளருக்கு. நடுவில் கார்பன். கையால் எழுதின காலத்தில் வேண்டியதை வேண்டிய தாளில் எழுதலாம். இந்தப் பிரிண்டர் அடித்தால் மூன்றிலும் விழும்.

புதன்கிழமை காலையில் முதலில் வந்தவர் செங்கல்வராயன், டாங்கி பாக்டரியில் போர்மேனாக இருந்து ரிட்டயரானவர். ரோஸ் சீட்டை மேசையில் வைத்தார். 'எடை போடுவார். சிரிச்சுட்டு நில்லு.' பஞ்சவர்ணத்துக்குத் தண்ணீர் தாகம் எடுத்தது. அவரோ, நான் எடை போடுவது கம்ப்யூட்டர் வரைக்கும் தெரிந்துவிட்டதா என்று திருப்தியாகக் கேட்டுவிட்டு, சிரிக்க வேண்டியதில்லை, தராசைப் பிடித்துக்கொண்டால் போதும் என்று மாற்றச் சொன்னார். சேக்காட்டிலிருந்து வந்த ஞானம்மாளின் சீட்டில், 'முன்கோபம். மோர் தருவாங்க.' முன்கோபமா, எனக்கா என்று கேட்ட கேட்டில் ஏசி அறை சூடாகிவிட்டது. போகும்போது, மோர் தருவேன் என்று எழுதினாயே, அதாவது கண்ணில் பட்டதே என்றாள். மாடியில் குடியிருக்கும் தாயம்மாள் சண்டைக்கே வரவில்லை, போன்தான் செய்தாள். 'மூணாம் படி உடைஞ்சது' என்று கம்ப்யூட்டரே எழுதியிருப்பதைக் காட்டியதும், நாலு வருடமாக அசையாத வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூட்டி வந்துவிட்டாராம்.

கஜபதி சிரித்தார், பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பஞ்சவர்ணம், இதுவரைக்கும் எல்லாம் வாய்ப் பேச்சு. எழுத்துல ஒரு புகார் வந்துது, அந்தக் கட்டத்தையே எடுக்கச் சொல்லிடுவேன். நம்பரோட நிறுத்திக்கலாம்."

எழுத்தில் புகார் என்றதும் அவளுக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது. பார்வதம்மாள் தபால் துறையில் முப்பது வருடம் இருந்தவர். தெருவிளக்கு எரியாவிட்டால் எழுதுவார், தண்ணீர் லாரி பிந்தினால் எழுதுவார், மூன்று நகல் எடுத்து எழுதுவார். அவர் வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமையே சம்பத் போய் வந்தாயிற்று. ரோஸ் சீட்டு அங்கே போய்விட்டது.

கட்டம் போய்விடுமே என்ற பயத்தைவிட அந்த முதல் சொல் அவளை அதிகம் அரித்தது. தனி. தனியாக இருப்பதைக்கூட ஒருத்தி பழகிக்கொள்ளலாம். அதை ஒரு ஆபீஸ் கவனித்து, நம்பர் போட்டு, அச்சடித்துக் கையில் கொடுத்தால்? தன் வீட்டு நம்பரையும் தட்டிப் பார்த்தாள். கட்டம் காலி. அதை நிரப்பச் சொன்னால் கணவர் சண்முகசுந்தரம் என்ன எழுதுவார்? ரசம் நன்றாக வைப்பாள் என்று எழுதலாம். அதற்கு மேல் எழுத அவருக்குத் தோன்றுமா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அப்படி ஒருவர் கவனித்து எழுதியிருந்தால் தனக்குக் கோபம் வருமா என்று கேட்டுக்கொண்டாள். கோபம்தான் வரும் என்று தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் பார்வதம்மாள் வந்தார். குடையை மடக்கி, செருப்பைக் கழற்றி, கையில் மூன்று நகலோடு. கஜபதி எழுந்து நின்றுவிட்டார்.

"புகார்தான். யார்கிட்ட தரணும்?"

பஞ்சவர்ணம் தானும் எழுந்தாள். "நான்தாம்மா எழுதினது. மனசு நோகணும்னு எழுதலை. தனின்னு போட்டது..."

"தனியாத்தானே இருக்கேன். அதுக்காகவா இந்த வெயில்ல வருவேன்?" அவர் உட்கார்ந்தார். "உங்க சம்பத் வந்தார். சிலிண்டரை மாட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நல்லா இருக்கீங்களாம்மான்னார். இருக்கேன்னேன். அவ்வளவுதான். மிச்ச நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தார். பத்து நிமிஷம் ஆனதும் வரேன்னு எழுந்து போயிட்டார். என் வீட்டுலே எனக்கே துக்கம் விசாரிச்ச மாதிரி இருந்தது. அப்புறம்தான் சீட்டைப் பார்த்தேன்."

கஜபதி திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"இது யார் சொல்லி எழுதினது? அந்த வேம்புலிதானே?" பார்வதம்மாள் குரலைத் தாழ்த்தினார். "ஒன்பது வருஷமா எங்க வீட்டுலே பேசறது அவன், கேக்கறது நான். அவன் மச்சான் தகராறு, பொண்ணு சைக்கிள் கத்துக்கிட்டது, ஒண்ணு விடமாட்டான். வீட்டுலே அவன் பேச்சைக் கேக்க ஆளில்லை போல, பாவம். போகட்டும்னு உட்கார வெச்சுக் கேட்டுக்கிட்டிருக்கேன். அவனுக்கு இப்ப யார் இருக்கா?" புகாரின் மூன்று நகலையும் அடுக்கி மேசையில் வைத்தார். "அதோட, போன தடவை அவன் மாடு காணாமப் போச்சு. கதை பாதியிலே நிக்குது."

மாடு கிடைத்துவிட்டது. பாரிவாக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுப் பந்தலைத் தின்றுகொண்டிருந்தது. இது பஞ்சவர்ணத்துக்கு நன்றாகத் தெரியும். நாக்கு நுனி வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

புகாரில் கேட்டிருந்தது ஒன்றே ஒன்று. தன் வீட்டுக்குப் பழைய ஆளையே அனுப்ப வேண்டும். கஜபதி அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கம்ப்யூட்டர் கம்பெனிக்குப் போன் போட்டார். கட்டத்தை எடுக்கச் சொல்லப் போகிறார் என்றே அவள் நினைத்தாள். அவர் கேட்டது வேறு. அன்றன்றைக்கு முதலில் புக் செய்தவர்களின் சீட்டைத் தெருவாரியாகப் பிரித்து, அந்தந்தத் தெருவுக்குப் பழகின ஆளிடம் கொடுக்க முடியுமா? ரிமார்க்ஸை வாடிக்கையாளர் சீட்டில் விடாமல் தனித் தாளில் அடிக்க முடியுமா? முடியும் சார், நீங்கள் கேட்கவே இல்லையே என்றார்களாம்.

அடுத்த முறை பருத்திப்பட்டிலிருந்து வேம்புலி திரும்பியபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. காலி சிலிண்டரில் உட்கார்ந்து கதவை ஒரு சாண் திறந்தான்.

"தவிச்சிப் போச்சு எக்கா அந்தம்மா. நம்ம வுட்டா பேச யாரு கீறாங்க அதுக்கு? பத்து நிமிசம் பத்தாது. அரமணின்னு எய்திக்கோ."

பஞ்சவர்ணம் பழைய வரியை அழித்தாள். இவர்கள் இருவரைப் பற்றியும் அவளுக்குத் தெரிந்ததை அந்தக் கட்டத்தில் அடைக்க முடியாது. அடைக்கவும் வேண்டாம் என்று இருந்தது. 'வேம்புலி மட்டும்' என்று தட்டினாள். இன்னும் பதினாறு எழுத்துக்கு இடம் இருந்தது. அதை அப்படியே விட்டாள்.

"எய்திட்டியாக்கா?"

எழுதிவிட்டதாகச் சொன்னாள். கதவைச் சாத்தச் சொல்லி உள்ளேயிருந்து கஜபதி குரல் கொடுத்தார்.