ஐந்தாம் பருவம்

பழத்திலிருந்து முந்திரிக்கொட்டையைத் திருகிக்கொண்டிருந்த முத்தமிழின் கை, அத்தை சம்பூர்ணம் தட்டோடு தோப்புக்குள் வருவதைக் கண்டதும் நின்றது. தட்டில் வெற்றிலை பாக்கு, மல்லிகைச் சரம், ஒரு சீப்பு வாழைப்பழம், அரக்கு நிறப் பட்டு. பார்த்த உடனே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பக்கத்தில் சாக்குத் தைத்துக்கொண்டிருந்த அப்பா ஏன் தலை நிமிரவில்லை என்பது மட்டும் விளங்கவில்லை.

ஒரு வாரமாக அப்பா தங்கராசுவிடம் மட்டும் அவள் தன் திட்டத்தைச் சொல்லிவந்தாள். ஹைதராபாத்தில் ஸ்பானிஷ் மொழியில் பட்டப்படிப்பு. நான்கு பருவங்கள் அங்கே இலக்கணமும் இலக்கியமும். ஐந்தாம் பருவம் ஸ்பெயினிலேயே தங்கிப் படிப்பு. பிறகு மொழிபெயர்ப்பு வேலை. சாக்குத் தைத்தபடியே அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆண்டிமடம் டீக்கடையில் பெருமையடித்தும் வந்தார். இடம் கிடைத்துவிட்டது, நாளை இருவரும் அரியலூரில் ரயில் ஏற வேண்டும். அதற்குள் தன் அக்கா சம்பூர்ணத்திடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

“பேரு முத்தமிழு, படிக்கப்போறது ஸ்பானிஷு,” என்று சிரித்தபடி அத்தை தட்டைக் கயிற்றுக் கட்டிலில் வைத்தாள். “படி, யாரு வேணாங்குறா. எம் மவன் பிரேம்குமாருக்குன்னு பரிசம் போட்டுக்கிட்டுப் போ. அப்பறம் எந்தத் தேசம் போனாலும் ஒருத்தன் வாய் பேச மாட்டான்.”

“பிரேம்குமார் மாமா துபாய் போறப்ப யாருக்குப் பரிசம் போட்டுட்டுப் போனாங்க அத்தை?”

“அவன் ஆம்பளடி.”

தங்கராசு தொண்டையைச் செருமினார். சங்கடம் வந்தால் கதைக்குள் ஒதுங்கிக்கொள்கிறவர் அவர். “ஒரு நாரை இருந்துச்சு பாப்பா. வடக்க ஏரிக்குப் போவணும்னுச்சு. கூட்டக் கட்டி வச்சுட்டுப் போன்னு மத்த நாரைங்க சொல்லுச்சு. அதுவும் கட்டி வச்சுட்டுப் போச்சு. பனி தொடங்குனதும் வழி தப்பாம வந்து சேந்துச்சு.”

“அது தானா கட்டுன கூடாப்பா, அத்தை கட்டிக் குடுத்ததா?”

அவர் மறுபடி சாக்கில் ஊசியைக் குத்தினார். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மறுப்புக்கு எத்தனையோ பதில்கள் தயாராக வைத்திருந்தாள், கிடைத்ததோ சம்மதம். ஐந்தாம் பருவம் வரை கட்டிப்போடும் கயிறு எவ்வளவு நீளம் வேண்டும் என்று அளந்து, அன்போடு கொண்டுவந்து வைத்த சம்மதம். எல்லாம் விளக்கிச் சொல்லி அதை அளக்கக் கற்றுக்கொடுத்தவளும் அவளே.

“தட்ட எடுத்துக்கம்மா,” என்றார் தங்கராசு, தரையைப் பார்த்தபடி. “எடுத்தாதான் நாளைக்கு ரயிலு.”

“உங்ககிட்ட மட்டுந்தான சொன்னேன்.” குரலை அவள் உயர்த்தவே இல்லை. “நாளைக்கு நான் போவேன். கூட வர்றதும் வராததும் உங்க இஷ்டம்.”

கூடையை எட்டித் தள்ளிவிட்டு எழுந்தாள். கொட்டைகள் சருகில் சிதறின. பாவாடையில் கையின் முந்திரிக் கறையைத் துடைத்தபடி அவள் வீட்டை நோக்கி நடக்க, அத்தை தம்பியைத் திட்டத் தொடங்கினாள்.

அந்தச் சத்தத்தில், மேய்ந்துகொண்டிருந்த வெள்ளாடு கட்டிலருகே வந்ததை அவர்கள் கவனிக்கவில்லை. அது முதலில் மல்லிகையை முகர்ந்தது. பிறகு வெற்றிலையை இழுத்தது.

“கலைமணி, ஆட்ட ஓட்டு!” என்று கத்தினாள் அத்தை.

அதுவரை மரத்தடியில் ஆடு மேய்த்துக்கொண்டு நின்ற முத்தமிழின் அம்மா கலைமணியின் கையில் கழி இருந்தது. அவள் அதைத் தரையில் ஊன்றினாள். அதன் மேல் இரு கைகளையும் வைத்துக்கொண்டு, ஆடு பட்டுப்புடவையை மிதித்து வாழைப்பழத்துக்கு வாய் நீட்டுவதைப் பார்த்தபடி நின்றாள்.