ஏழு பேர், ஆறு வரி

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து வந்தது. பெரிய பொய் என்றும் சொல்ல முடியாது. ஒரு வாக்கியத்தை ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது ஒரு சொல்லை வழியில் கீழே போட்டேன். மூன்று வருடமாக அதை எழுதப் பார்க்கிறேன்.

முதலில் 'நான்' என்றே எழுதினேன். இரண்டாம் பக்கம் முடிவதற்குள் அந்த 'நான்' ரொம்ப நல்லவனாகிவிட்டான். தயங்குகிறான், கண்கலங்குகிறான், வாசகர் தோளில் தட்டிக்கொடுக்க வசதியாகத் திரும்பி நிற்கிறான். நான் அப்படியெல்லாம் நிற்கவில்லை. அதனால் அவனை வெளியே தள்ளி, முனியராஜ் என்று பெயர் வைத்துவிட்டேன். இனி நடந்ததைச் சொல்லலாம்.

2

தொடக்கம் ஒன்று: 'சிவகாசியின் கந்தக வாசம் காற்றில் ஏறி—'

(வேண்டாம். கந்தகம், வெயில், கரிந்த விரல்: வெளியூர்ப் பத்திரிகைகள் கேட்கிற சிவகாசி இது. அங்கே வேலைக்குப் போகிறவர்கள் காற்றை முகர்ந்துகொண்டு நிற்பதில்லை, பஸ் பிடிக்க ஓடுகிறார்கள்.)

தொடக்கம் இரண்டு: 2006இல் முனியராஜுக்கு இருபத்திரண்டு வயது. விஸ்வநத்தத்தில் அவன் தெருவிலேயே பி.ஏ. ஆங்கிலம் முடித்த முதல் ஆள். அப்பா, அம்மா இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கியவர்கள். எங்கள் பக்கம் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அப்படி ஓர் ஆபீஸில் முனியராஜுக்கு நிஜமாகவே ஆபீஸ் வேலை கிடைத்தது. மேசை, கம்ப்யூட்டர், தலைக்கு மேல் ஃபேன். மெழுகுவத்தி ஏற்றுகிற நீளக் குச்சிக்கு ஐரோப்பாவிலிருந்து கம்பெனிக்கு ஆர்டர் வந்திருந்தது. அவர்களுக்கு ஈமெயில் எழுதுவதும், அவர்கள் எழுதுவதை முதலாளி மகன் ராம்குமாருக்கு விளக்கிச் சொல்வதும் அவன் வேலை. மாதத்துக்கு இரண்டு புதுச் சட்டை எடுத்தான். வேலை செய்யும் பெண்கள் அவனைக் கண்டால் பேச்சைக் குறைத்தார்கள். அது அவனுக்குப் பிடித்திருந்தது.

(இந்தக் கடைசி வரியை இரண்டு முறை அடித்தேன். இரண்டு முறையும் திரும்ப எழுதினேன்.)

3

வேலுத்தாயை எழுதும்போது கை தானாக அவரைச் சாமியாக்கப் பார்க்கிறது. அவர் அப்படி இல்லை. நாற்பத்து மூன்று வயது, பெட்டியில் குச்சி அடைக்கும் பகுதியில் வேலை, வாய் அதிகம். தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவர், பிறகு நிறுத்தவே இல்லை. வடை மடித்து வந்த காகிதத்தை விரித்து வைத்து வாசிப்பார். அடுத்த வீட்டுக்கு வந்த கடிதத்தையும் கேட்காமலே வாசிப்பார், அதனால் இரண்டு வீட்டில் அவரோடு பேச்சுவார்த்தை கிடையாது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போனால் முதலில் எழுத்துப்பிழையைச் சொல்லிவிட்டுத்தான் தேதியைக் கேட்பார். முனியராஜுக்குத் தூரத்து முறையில் அத்தை.

அந்த ஆபீஸில் தீக்குச்சி முனைக்கு மருந்து கலக்கும் அறைக்கு வெளியே ஒரு பழைய போர்டு இருந்தது. நீலப் பெயிண்டில், தமிழில்: 'உள்ளே 4 பேருக்கு மேல் நிற்கக் கூடாது.' ஆர்டர் கொடுத்தவர்கள் ஆகஸ்டில் புது போர்டு ஒன்றுக்கு வாசகம் அனுப்பினார்கள். பாதுகாப்பு பற்றிப் பத்து வாக்கியம், எல்லாம் ஆங்கிலம், பளபளவென்று. நாலு பேர் கணக்கு அதில் இல்லை. 'ரெண்டு போர்டு இருந்தா பார்க்க அசிங்கமா இருக்கும்' என்று ராம்குமார் சொன்னார். நீல போர்டு குடோனுக்குப் போயிற்று. அறைக்குள் நாலு பேர் ஐந்தானார்கள், ஆர்டர் அவசரத்தில் ஏழானார்கள். ஏழாவது ஆள் வேலுத்தாயின் மகள் பொன்மணி.

(இங்கே ஒரு கட்டுரை எழுத ஆசை வருகிறது. சுருக்கமாக: பதினான்கு வருடம் எழுத்தறிவு உள்ளவராக இருந்த ஒரு பெண், கற்ற எழுத்தில் ஒன்றைக்கூட மறக்காமல், ஒரு செவ்வாய்க்கிழமை எழுத்தறிவு இல்லாதவர் ஆனார். அப்படி ஆக்கியது போர்டை மாற்றியவர்கள்தான். கட்டுரை முடிந்தது.)

4

செப்டம்பரில் ஆர்டர் கொடுத்தவர்கள் சார்பில் ஆய்வுக்கு ஒரு வெள்ளைக்கார அம்மையார் வந்தார். நல்ல மாதிரி. எல்லாருக்கும் கைகூப்பினார். புது போர்டின் முன்னால் நின்று, அருகில் இருந்த வேலுத்தாயைக் காட்டி, இதை வாசிக்கத் தெரியுமா என்று கேட்கச் சொன்னார்.

"அத்தை, இந்த போர்டை வாசிக்கத் தெரியுமான்னு கேக்காக."

"இங்கிலீசு வாசிக்கத் தெரியாது. தமிள்ல போடச் சொல்லுலே, வாசிச்சுருவோம். முந்தி ஒண்ணு தமிள்ல இருந்துச்சே, அதை எதுக்குக் களட்டுனாகன்னு கேளு. நாலு பேருக்கு மேல நிக்கக் கூடாதுன்னு அதுல இருந்துச்சு. இப்ப உள்ள ஏளு பேரு நிக்காக. என் மகளும் நிக்கா. அதையும் சொல்லு."

முந்தைய படியில், இந்த இடத்தில் ராம்குமார் முனியராஜை முறைப்பதாக எழுதியிருந்தேன். அப்படி நடக்கவில்லை. ராம்குமார் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் மிரட்டவில்லை. முனியராஜே யோசித்து, முனியராஜே ஆங்கிலத்தில் சொன்னான்: "வாசிக்கத் தெரியாது என்கிறார்."

'இங்கிலீசு' என்கிற சொல் விழுந்தது. அதன் பின்னாலேயே போர்டும், நாலும், ஏழும், பொன்மணியும் விழுந்தார்கள்.

அம்மையார் வேலுத்தாயின் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நோயாளியைப் பார்க்கிற முகம். பிறகு நோட்டில் எழுதினார்.

"நான் அம்புட்டு நீளமாச் சொன்னேன், நீ ஒத்த மூச்சுல முடிச்சிட்டே?" என்றார் வேலுத்தாய்.

"இங்கிலீசுல அம்புட்டுத்தான் அத்தை."

அவர் நம்பினார். தெருவில் பி.ஏ. படித்தவன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வார்?

5

கம்பெனி ஆய்வில் தேறியது. கூடவே ஒரு யோசனையும் வந்தது: எழுத்தறிவில்லாத தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை வகுப்பு நடத்தி, படத்துடன் தெரிவிக்கவும். அம்மையாரின் அறிக்கையில் பேரே இருந்தது. வேலுத்தாயை உட்காரவைத்து, 'அ' எழுதிய சிலேட்டைக் கையில் கொடுத்தார்கள்.

"எனக்கெதுக்குலே இது?"

"போட்டோவுக்கு அத்தை. சும்மா பிடிங்க."

அவர் சிலேட்டைப் பார்த்தார். "எவன் எளுதுனது? சாஞ்சு கெடக்கு." முந்தானையால் அழித்துவிட்டுத் தானே எழுதினார். படத்தில் பார்த்தால் தெரியும், அச்சுப் போல நிற்கிற 'அ' அது. கேமராவுக்குப் பின்னால் நின்ற எங்களில் யாருக்கும் அது உறைக்கவே—

(எங்களில் அல்ல. அவனுக்கு.)

படத்தின் கீழே போட, பேரும் வயதும் மட்டும் போதும் என்றுதான் ராம்குமார் சொன்னார். முனியராஜ் ஆங்கிலத்தில் இப்படி எழுதினான்: 'வேலுத்தாய், 43. வாழ்வில் முதல்முறையாக ஓர் எழுத்தைத் தொடுகிறார்.' கல்லூரியில் படித்த ஆங்கிலத்தில் அவன் எழுதிய முதல் அழகான வாக்கியம். அம்மையார் பாராட்டி ஈமெயில் அனுப்பினார். அவன் அதை பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்துக்கொண்டான்.

6

தீபாவளி முடிந்து ஆர்டர் இரண்டு மடங்கானது. ஏழு பேர் ஏழு பேராகவே நின்றார்கள். ஒரு மத்தியானம் வேலுத்தாய் முனியராஜின் மேசைக்கு வந்தார். கோடு போட்ட நோட்டுத்தாள் இரண்டு, நாற்பது வரி.

"அந்த வெள்ளைக்காரம்மாவுக்கு எளுதிருக்கேன். என் கையப் பிடிச்சாகள்ல, எரக்கப்பட்ட பொம்பளதான். நீ இங்கிலீசுல மாத்திக் குடு. தபால்ல நானே போட்டுக்கிடுதேன்."

அவன் இரண்டு நாள் வைத்திருந்தான். பிறகு டைப் அடித்தான். வகுப்புக்கு நன்றி, எல்லாரும் நலம், வசதிகள் இன்னும் மேம்பட்டால் மகிழ்ச்சி. ஆறு வரி. அடியில் 'உண்மையுள்ள' என்று போட்டு, கையெழுத்துக்கு இடம் விட்டான்.

வேலுத்தாய் தாளை வாங்கி, முதல் வரியிலிருந்து விரலை வைத்து மெதுவாக நகர்த்தினார். ஆங்கிலமும் வாசிக்கிறாரோ என்று அவனுக்கு ஒரு கணம் சந்தேகம் வந்தது. கடைசி வரிவரை போய்விட்டு மறுபடி மேலே வந்தார்.

"முனியா, ஏளு எங்கலே?"

"என்னத்தை?"

"நம்பர் ஏளு. இங்கிலீசுலயும் தமிள்லயும் அது ஒண்ணுபோலதானே எளுதுவாக? நான் ஏளுன்னு மூணு இடத்துல போட்டிருக்கேன். நாலுன்னு ரெண்டு இடத்துல. இதுல ஒத்த நம்பர் இல்லையே."

"இங்கிலீசுல—"

அந்த வாக்கியம் முடியவில்லை. மூன்று வருடமாக முடிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

வேலுத்தாய் அவனைப் பார்த்தார். "அன்னிக்கும் இப்படித்தான் சொன்னியா?"

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தான். அவர் தன் தமிழ்த் தாள்கள் இரண்டையும் எடுத்து மடித்துக்கொண்டார். ஆறு வரித் தாளை மேசையிலேயே வைத்தார். "சரி, ஒன் வேலையப் பாரு" என்றார். திட்டியிருந்தால் இந்தக் கதையை நான் எழுதியிருக்க மாட்டேன்.

7

முடிவுகள்.

(அ) அறை வெடிக்கிறது. இதை உண்மையாகவே இரண்டு பக்கம் எழுதினேன். சிவகாசிக் கதை என்றால் வாசகர் எதிர்பார்ப்பதும் அதுதான். என் வெட்கத்துக்கு எடை கூட்ட ஏழு பேரைக் கொல்லப் பார்த்திருக்கிறேன் என்று மறுநாள் காலையில்தான் புரிந்தது. கிழித்துவிட்டேன். எதுவும் வெடிக்கவில்லை.

(ஆ) முனியராஜ் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டு, நாற்பது வரியையும் மொழிபெயர்த்துக் கொடுக்கிறான். ஓடவில்லை. கேட்கவில்லை.

நடந்தது: வேலுத்தாய் அந்தத் தாள்களைத் தொழிற்சாலை ஆய்வாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார், தமிழிலேயே. பதினெட்டு நாள் கழித்து ஓர் அதிகாரி வந்தார். கையில் அந்தக் கடிதம் இருந்தது. மருந்து அறைக்குள் போய் ஆளை எண்ணினார். நீல போர்டு குடோனிலிருந்து திரும்பி வந்தது. பொன்மணி உட்பட மூன்று பேரைப் பெட்டியடைப்புக்கு மாற்றினார்கள். அங்கே கூலி குறைவு, பொன்மணி அம்மாவோடு ஒரு மாதம் பேசவில்லை. யார் எழுதிய கடிதம் என்று ராம்குமார் கண்டுபிடிக்கவே இல்லை. 'எழுதத் தெரிஞ்ச யாரோ' என்றார். வேலுத்தாயை அவர் சந்தேகப்படவில்லை, அவருக்கு எழுத்துத் தெரியாது என்று அறிக்கையே சொல்கிறது.

முனியராஜ் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. இதை அவன் நல்ல செயல்களில் சேர்க்க நான் விடமாட்டேன். சொல்லியிருந்தால் தன் மொழிபெயர்ப்பையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும். மார்ச்சில் அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

இனி மிச்சம் இருப்பது, வேலுத்தாய் இவனை என்ன செய்தார் என்பதுதான். மன்னித்தாரா, ஊருக்கு வரும்போது பேசுகிறாரா, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா? இந்தக் கதை தமிழில் அச்சாகிறது, அவர் கைக்குப் போகும், அவர் வாசிப்பார். நீங்களும் வாசித்துவிட்டீர்கள். முடிவை அவரிடமே போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

அவருக்குப் பதிலாக நான் ஒருமுறை பேசியது போதும்.