நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

அறுவை சிகிச்சை வார்டில் அப்போது இருந்தவர்கள்: போதை ஊசி குத்திக் குத்திக் காலில் சீழ் பிடித்த லாரி டிரைவர், அவன் மனைவி, நர்ஸ், டாக்டர். போதை ஊசிப் பழக்கத்தை விடவைக்கும் மாத்திரை இதுவரை மறுவாழ்வு மையத்தில் மட்டும்தான் கிடைத்தது. இன்றுதான் வார்டுக்கே வந்திருந்தது.

போதை ஊசி இல்லாமல் உடம்பு முறுக்கவே, இதற்கு முன் இரண்டு முறை அவன் சிகிச்சையைப் பாதியில் விட்டு வார்டின் பின்கதவு வழியாக ஓடியிருந்தான். இன்னொரு முறை ஓடினால் கால் போய்விடும். இப்போதும் நடுங்கிக்கொண்டே செருப்பைத் தேடினான்.

"நாக்குக்கு அடியில வைங்க. கரையற வரைக்கும் பேசக்கூடாது," என்றாள் நர்ஸ்.

"இவரா? பேசாமலா?" மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கல்யாணமாகி பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்குப் பேச சான்ஸ், சிஸ்டர்! ஏங்க, 'நாளைக்கு விட்டுடறேன்'னு இப்ப சொல்லுங்க பாப்போம்!"

அவன் மாத்திரையை நாக்குக்கு அடியில் அடக்கிக்கொண்டு அவளை முறைத்தான்.

ஒரு மணி நேரத்தில் நடுக்கம் அடங்கியது. "ஏய், கால் வலிக்குது. ஆனா ஓடணும்னு தோணலடி!"

டாக்டர் கைதட்டியே விட்டார். "எல்லா வார்டுக்கும் வரவழைக்கிறேன்!"

அவன் செருப்பை மனைவியிடம் நீட்டினான். "வீட்டுக்குக் கொண்டு போயிடு. சிஸ்டர், பின்கதவைப் பூட்டிடுங்க."

செருப்போடு அவள் துள்ளிக்கொண்டு படியிறங்க, வார்டின் பின்கதவு சாத்தப்பட்டுப் பூட்டு விழுந்தது.