தலைக்கு மேலே நாலு வீடு

"பீரோ வந்துருச்சா?"

"வந்துருச்சுக்கா. ஒரு கால் வளைஞ்சிருக்கு."

"பீரோ கால்தானே? போகட்டும். என் காலு தப்பிச்சுதே, அதைச் சொல்லு."

நாலாவது மாடியிலிருந்து கடைசிச் சாமானும் கீழே இறங்கிவிட்டது. அக்கா தரையிலேயே உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டாள். தம்பி மனைவி வாசல் கதவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். திறந்தால் நாலு எட்டில் தெரு. இத்தனை பாடும் அதற்குத்தான்.

"இனிமே அவருக்கு ஓடணும்னு தோணிச்சுன்னா ஒரே எட்டுல வெளிய போயிரலாம்."

"போட்டோக்காரர்கிட்ட நாயா பேயா கெஞ்சினது வீண் போகல."

கீழ் வீட்டில் இருந்தவர் போட்டோக்காரர். மாடியில் வெளிச்சம் கொட்டுகிறது என்று ஆசை காட்டி, வீட்டுக்காரரையும் சம்மதிக்க வைத்து, வீட்டுக்கு வீடு மாற்றிக்கொண்டார்கள்.

யாருக்காக மாற்றினார்களோ அவன் தெருவில் நின்றுகொண்டிருந்தான். அக்காவின் தம்பி. ஊரே அவனை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். சட்டை தைக்கும் பட்டறையில் கட்டிங் மாஸ்டர். துணியை அடுக்கடுக்காக விரித்து, சாக்பீஸால் கோடிழுத்து, மெஷினை ஓட்டினானென்றால் நூல் பிசகாது. போன கோடையில் அந்தப் பட்டறைக் கட்டடம் வேலை நேரத்தில் இடிந்து விழுந்தது. வெட்டுமேசைக்கு அடியில் சிக்கியவன் மறுநாள்தான் வெளியே வந்தான்.

"அவரா சொல்லும்போது காது கொடுத்துக் கேளுங்க. நீங்களா தோண்டாதீங்க" என்றார் டாக்டர். இரண்டு பேரும் முதல் பாதியை விட்டுவிட்டுப் பின்பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நாளைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சு விடுவதில்லை. டிவியில் ஒரு கட்டடம் தலைகாட்டினாலும் சேனல் மாறிவிடும். மாடி வீட்டில் அவன் வாசற்படி ஓரமாகத் தலைவைத்து, கண் திறந்தபடியே படுத்துக் கிடப்பான். 'இறங்கி ஓட நேரமாகும்னு பயப்படுறாரு' என்று மனைவி கண்டுபிடித்தாள். 'அதேதான்' என்றாள் அக்கா. அவனை யாரும் கேட்கவில்லை.

"உள்ள வாடா. உனக்காகத்தான் இவ்வளவும்."

"வரேன்க்கா."

வந்தான். கூடத்து நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தான். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

அதற்கப்புறம் அவனுக்கு எல்லாமே தெருவோரம்தான். சாப்பாட்டுத் தட்டு அங்கேதான் போகும். பகலில் வெயிலில் உட்கார்ந்தபடியே கண்ணயர்வான். போகிறவர் வருகிறவரெல்லாம், "என்ன மாஸ்டர், வாட்ச்மேன் வேலையா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். அவன் சிரித்து வைப்பான்.

"மாடியிலயாவது வீட்டுக்குள்ள இருந்தாரு" என்றாள் மனைவி. "அக்கா, மேல் வீட்டுச் சத்தமா இருக்குமோ? அவங்க நாற்காலிய இழுக்கறப்பல்லாம் எனக்கே தூக்கிவாரிப் போடுது."

"அதேதான்" என்றாள் அக்கா.

இருவரும் முதல் மாடி அம்மாளிடம் போனார்கள். நல்ல மனுஷி. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் பழந்துணி சுற்றினாள். "செருப்பக் கழட்டிட்டே நடக்கிறோம். எங்க வீட்டுக்காரர் குறட்டைக்கு மட்டும் நான் பொறுப்பில்ல, சொல்லிட்டேன்."

மேலே சத்தம் அடங்கியது. அவனுக்கு முற்றியது.

ஒரு மத்தியானம் துடைப்பக் கட்டையை எடுத்துக் கூரையை இடிக்க ஆரம்பித்தான். மனைவி தடுக்கத் தடுக்க நிறுத்தவில்லை. காரை உதிர்ந்து தலையெல்லாம் வெள்ளை. மேலிருந்து அந்த அம்மாள் இறங்கி வந்தாள்.

"ஏம்மா, மூச்சக்கூடப் பிடிச்சு வச்சுக்கிட்டு இருக்கோம். இன்னும் என்ன செய்யச் சொல்றீங்க?"

அவளைப் பார்த்ததும் கட்டையைக் கீழே போட்டான். "இருக்கீங்களா?" என்றான். "சரி, சரி. இருக்கீங்க."

அன்றைக்குத்தான் அக்கா கேட்டாள். அவன் தலையிலிருந்த காரையைத் தட்டிவிட்டுக்கொண்டே கேட்டாள். "என்னடா பண்ணுது உனக்கு?"

"மாடியில நம்ம தலைக்கு மேல ஒரு கூரை, அவ்வளவுதான். அதுவே தாங்கல. இங்க நாலு வீடு இருக்குக்கா."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பட்டறையில பட்டன் கட்டுற அம்மா இருந்தாங்களே, அன்னிக்கு எனக்கு மேலதான் எங்கயோ மாட்டிக்கிட்டாங்க. ஆள் தெரியல, குரல் மட்டும் வந்துச்சு. வெளிய போனதும் முதல்ல ஒரு டீ குடிக்கணும் மாஸ்டர்னாங்க. மக தலைய யாரு பின்னி விடுவான்னு கேட்டாங்க. பேசிட்டே இருந்தாங்க. அப்புறம் பேசல." கையிலிருந்த காரைத் தூளைத் தேய்த்தான். "மேல சத்தம் கேட்டா, ஆளு இருக்காங்கன்னு இருப்பேன். நீங்க போயி அதையும் நிறுத்திட்டீங்க."

"முன்னாடியே சொல்றதுக்கென்னடா?"

"பீரோவத் தூக்கிட்டு நாலு மாடி இறங்கின. காலு வீங்கிப்போய் உக்காந்திருந்த. அதப் பாத்துட்டு என்னன்னு சொல்றது?"

வீட்டைப் பழையபடி மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க, மறுநாள் காலையிலேயே நாலு மாடி ஏறினாள் அக்கா. போட்டோக்காரர் நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார்.

"சுவர இடிச்சு ஜன்னலப் பெரிசாக்கிட்டேனேக்கா. கீழ் வீட்டு வெளிச்சத்துல கல்யாண ஜோடிய எடுத்தா, பஞ்சாயத்துக்கு வந்தவங்க மாதிரில்ல இருக்காங்க. இப்பத்தான் நாலு பேர் என்னைத் தேடி வர்றாங்க. என்னையும் பாருங்க."

அவர்மேல் தப்பு சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வேறு மாடி வீடு தேடினார்கள். வேலைக்குப் போகாத ஆள் என்றதும் கதவு மூடிக்கொண்டது. கிடைத்தாலும், அந்த ஒற்றைக் கூரையின் கீழும் அவன் தூங்கினதில்லையே.

முதல் மாடி அம்மாளிடம் மறுபடி போனாள் மனைவி.

"நடக்காதேன்னீங்க, நடக்கல. இப்ப நடன்னு சொல்றீங்க. நடக்கிறேம்மா, எனக்கென்ன. தூங்குறப்ப எப்படி நடக்க?"

ஆனாலும் நடந்தாள். வேண்டுமென்றே டம்ளரைக் கீழே போட்டாள். அந்த நாட்களில் அவன் உள்ளே வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். ஒரு தடவை தன் சின்ன மகள் பக்கத்தில் கொஞ்ச நேரம் படுத்தும் பார்த்தான். வியர்த்துக் கொட்டி எழுந்து போனான். மனைவி அதையே பெரிதாகச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள்.

பிறகு அந்த அம்மாள் பிள்ளைப்பேறு பார்க்க மகள் வீட்டுக்குக் கிளம்பினாள். கணவரும் கூடப் போனார். மேல் வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். அக்கா ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு தம்பியிடம் போனாள்.

"பக்கத்துல உக்காரட்டுமாடா?"

"உக்காரு. அந்தப் பக்கம் போடு. வாசல் மறைக்குது."

நகர்த்திப் போட்டாள். எல்லாம் சரியாகிவிடும் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"பாப்பா எங்க?"

"தூங்குது."

"மேல யாரு இருக்கா?"

"யாருமில்லடா. பூட்டிட்டுப் போனாங்க. நீதானே பெட்டியத் தூக்கி ஆட்டோவுல வச்ச."

"தெரியும்." வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாப்பாவ வெளிய தூக்கிட்டு வந்துரு."

"நெருப்பா கொதிக்குது வெயிலு. பிள்ளை இப்பத்தான் கண் அசந்துச்சு."

"தூக்கிட்டு வாக்கா. என்னால உள்ள வர முடியல."

அதட்டலில்லை. சின்ன வயதில் இருட்டில் தண்ணீர் எடுத்துத் தரச்சொல்லிக் கேட்கிற அதே குரல்.

அக்கா உள்ளே போனாள். குழந்தை வாய் பிளந்து, ஒரு காலைச் சுவரில் போட்டுக்கொண்டு தூங்கியது. தூக்கப் போனவள் அப்படியே நின்றாள். துடைப்பக் கட்டை இடித்த இடம் கூரையில் வட்டமாகத் தெரிந்தது. பூட்டின வீட்டில் சத்தம் இருக்காது. அது அவளுக்குத் தெரியாதா? தெரிந்தும் அண்ணாந்து காதைக் கொடுத்தாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

"அக்கா" என்று வெளியிலிருந்து கூப்பிட்டான். "அக்கா, இருக்கியா?"

"இருக்கேன்டா" என்றாள். பிள்ளையை எழுப்ப மனசு வரவில்லை. விட்டுவிட்டு வெளியே போகக் காலும் வரவில்லை. அவன் மறுபடி கூப்பிடக் கூப்பிட, அங்கேயே நின்றபடி, "இருக்கேன், இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.