கசக்கி முகர்ந்து பார்க்காத இலை

1.

"இலையைக் கசக்குங்கண்ணே! கசக்கி முகர்ந்து பாருங்க!" யோர்தாங்கா செல்பேசியில் கத்தினாள். மறுமுனையில் மின்ரம்பம் உறுமிக்கொண்டிருந்தது.

"எட்டலியேம்மா!" வெலிச்கோவுக்கு மூச்சு வாங்கியது. "பத்து மணிக்கு மேல ஒரு நிமிஷம்கூடக் கிடையாதுங்கறா பென்கா!"

பென்கா, அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் தலைவி. அவள் குரலும் பின்னால் கேட்டது. "போட்டோவப் பாத்து ஜோசியம் சொல்றவங்ககிட்ட என்ன பேச்சு? அது ஐலாந்து மரந்தான். விட்டா அஸ்திவாரத்தையே பேத்துடும்!"

மணி 9.56. யோர்தாங்காவின் இதயம் படபட—

(இந்த வரியை அடித்துவிடுகிறேன். முப்பது வருடமாகத் தொடர்கதைகளில் எல்லா இதயங்களையும் படபடக்க வைத்தாயிற்று.)

2.

இந்தக் கதை மூன்று புகைப்படங்களிலிருந்து வந்தது. பெயர் தெரியாத அலங்கார மரம், புதர்ச்செடிகளின் படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் இணையக் குழு ஒன்று இருக்கிறது. ரூசே நகரத்து வெலிச்கோ, வயது எழுபத்தாறு, ஒரு மே மாதக் காலையில் அதில் அந்த மூன்று படங்களைப் போட்டார். ரயிலில் யாரோ ஒருவர் தயிர் டப்பாவில் வைத்துக் கொடுத்த நாற்று. இன்று அவருடைய மூன்றாம் மாடிச் சமையலறை ஜன்னலை எட்டிவிட்டது. வீட்டில் அவரைத் தவிர அசைவது அந்த ஜன்னல் நிழல் ஒன்றுதான்.

ஐலாந்து என்றால் களைமரம், வெட்டிவிடுவார்கள். வேறு எதுவானாலும் பிழைக்கும்.

யோர்தாங்கா பிளெவன் நகரத்தில் தனியாக இருக்கிறாள். தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழுவில் முதலில் பெயர் சொல்வது அவள்தான்.*

(இவள் மேல் எனக்கே சந்தேகம். நாள் முழுக்க யாரும் பேசாத ஒருத்தி, கிடைக்கப்போகும் நன்றியைத் தள்ளிவைத்துவிட்டு, "முகர்ந்து பாருங்க" என்று பொறுமையாகக் கேட்பாளா?)

* இரண்டாவதாகச் சரியான பெயர் சொல்பவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

3.

முதல் முடிவு. வெலிச்கோ நாற்காலி போட்டு ஏறி இலையைப் பறித்தார்.

"வெங்காய வாசனைம்மா! பீன்ஸ் சூப்புல கிள்ளிப் போடலாம்போல!"

"அப்ப அது தூனா! சீனத்து அலங்கார மரம். ரம்பத்த நிறுத்தச் சொல்லுங்க!"

"வெங்காயமா? உங்க மூக்கத்தான் மொதல்ல வெட்டணும்," என்று இலையைப் பிடுங்கி முகர்ந்த பென்கா, இன்னொரு முறை முகர்ந்தாள்.

பத்திரிகைக்கு இதைத்தான் அனுப்பியிருப்பேன்.

இரண்டாவது முடிவு. கெட்டுப்போன கடலை நாற்றம். ஐலாந்தேதான். கனத்த மனதோடு வெலிச்கோ தலையசைக்க, ரம்பம் மரத்தின்—

(வேண்டாம். இது எனக்கு வசதியான முடிவு.)

4.

நடந்ததைச் சொல்கிறேன். தொலைபேசி அழைப்பு எதுவும் இல்லை. முகர்ந்து பார்க்கும்படி யாரும் சொல்லவில்லை. படம் போட்ட நாற்பதாவது வினாடியில் குழுவில் ஒரு பதில் வந்தது: "ஐலாந்து. யோசிக்காமல் வெட்டுங்கள்." பத்து மணிக்கு வெட்டினார்கள்.

பதில் போட்ட ஆள் அன்று மாலை படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஐலாந்தின் சிற்றிலைகளில் காம்பை ஒட்டிப் பல் மாதிரி ஒரு முனை துருத்தும். அந்தப் படங்களில் ஒரு சிற்றிலையில்கூட அது இல்லை. வெட்டுப்பட்டது தூனா.

வெலிச்கோவுக்கு இது தெரியாது. நன்றி சொன்னார். மறுநாள் காலை வணக்கம் சொன்னார். பிறகு தினமும் எழுதினார்: முழங்கால் வலி, செர்ரி விலை, பென்காவின் புதுச் சட்டதிட்டம். பதில் போட்ட ஆளுக்குக் காலையில் வேறு யாரும் எழுதுவதில்லை. ஆகவே தூனாவைப் பற்றி இன்றுவரை மூச்சு விடவில்லை.

இன்று காலை வந்தது இது: "ஜன்னல்ல வெயில் தாங்கலீங்க. அந்த எடத்துல என்ன நடலாம்? நீங்க சொன்னா தப்பாது."

உண்மையைச் சொன்னால் நாளைக் காலை செல்பேசி சும்மா கிடக்கும். சொல்லாவிட்டால் இன்னொரு மரத்தின் பெயரைச் சொல்லியாக வேண்டும். இதற்கு மேல் நீங்கள்தான் எழுத வேண்டும். எனக்குக் கை வரவில்லை. யோர்தாங்கா என்று யாரும் இல்லை. அந்தப் பதிலைப் போட்டது நான்.