நகப்பாலிஷ் பட்ட ரிலே

லிஃப்ட் கம்பெனியில் அவரைக் 'காரணம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு சரி. எந்த லிஃப்ட் எங்கே நின்றாலும், மூடியைக் கழற்றும் முன்பே காரணம் சொல்லிவிடுவார். சட்டியில் இல்லாவிட்டாலும் அகப்பையில் வரவழைக்கத் தெரிந்த மனிதர்.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. அந்தத் தொழிலில் அது ஒரு வழக்கம். குடியிருப்பவர்கள் கையைக் கட்டிக்கொண்டு சுற்றி நிற்கும்போது, 'எதனால் நின்றதென்று தெரியவில்லை, தானாகவே சரியாகிவிட்டது' என்று சொன்னால் எவர் விடுவார்? அதனால் ஒவ்வொரு மெக்கானிக்கும் பையில் கருகிப்போன பழைய பாகம் ஒன்றை வைத்திருப்பார். வேலை முடிந்ததும் அதை எடுத்துக் காட்டி, இதுதான் போயிருந்தது, மாற்றிவிட்டேன் என்பார். பார்த்தவர்களுக்கும் நிம்மதி, காட்டியவருக்கும் நிம்மதி. காரணம் வைத்திருந்தது தீப்பெட்டி அளவில் ஒரு ரிலே சுவிட்ச். அது எத்தனையோ கட்டடங்களில் 'இப்போதுதான்' கருகியிருக்கிறது.

மகள் குடியிருந்த கட்டடத்து லிஃப்ட்தான் அவரைச் சோதித்தது. ஆள் ஏறி இறங்கும் நேரத்தில், கதவு திறந்தபடியே ஒரு சாண் கீழே நழுவும். எப்போதும் இல்லை, எப்போதாவது. கதவு திறந்திருக்கும்போது லிஃப்ட் அசையவே கூடாது. முதல் தடவை கரண்ட் ஏற்ற இறக்கம் என்றார். அடுத்த தடவை பட்டனை அமுக்கி விளையாடும் பிள்ளைகள் தலையில் பழியைத் தூக்கிப் போட்டார். அதற்கும் அடுத்த தடவை மூன்றாம் மாடியில் குடியிருந்த ஒரு அம்மாவின் செருப்பு இடுக்கில் மாட்டிக்கொண்டது. கால் மயிரிழையில் தப்பியது.

மறுநாள் காலையிலிருந்து மொட்டைமாடி மோட்டார் அறையில் உட்கார்ந்து பார்த்தார். பிரேக்கைப் பார்த்தார், சென்சாரைத் துடைத்தார், ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஏறச் சொன்னால் ஏறியது, நிற்கச் சொன்னால் நின்றது. எல்லாம் சரியாக இருக்கிற ஒன்று எப்படித் தப்பு செய்யும்? சரியாக இருப்பது லிஃப்ட்தானா, அல்லது தனக்குத்தான் பார்க்கத் தெரியவில்லையா? கம்பெனிக்குப் போன் செய்தார். உங்களுக்கே தெரியவில்லையென்றால் வேறு யாருக்குத் தெரியப் போகிறது என்று அங்கே சிரித்தார்கள். அந்தப் பாராட்டோடு போனை வைத்தார்.

கீழே வந்தபோது கட்டடத்துச் செயலாளரும் நாலைந்து வீட்டுக்காரர்களும் காத்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்த மகளும் மருமகனும் அங்கேதான் இருந்தார்கள். அவளுக்கு நிறைமாதம். குடியிருப்பது ஐந்தாம் மாடி. படி ஏறி இறங்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

என்ன ஆயிற்று என்று செயலாளர் கேட்டார். காரணத்தின் கை தானாகப் பைக்குள் போனது. ரிலேவை எடுத்து நீட்டி, வழக்கமான வரியைச் சொன்னார். எல்லோர் முகமும் தெளிந்தது. ரிலே கைமாறிக் கைமாறி மகளிடம் வந்து சேர்ந்தது.

அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. சின்ன வயதில் அப்பாவின் பையைக் கிளறி, தன் விரல்களுக்குப் பூசியது போக மிச்ச நகப்பாலிஷை அதில் தடவியது அவள்தான். அவருக்கு அது இப்போதுதான் நினைவு வந்தது. அவள் அந்தப் பொட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அப்பா, நான் இதுல ஏறலாமா?"

'தாராளமா ஏறும்மா' என்பது அவர் நாக்கு நுனி வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"தெரியலம்மா," என்றார்.

வேறு யாரோ பேசியது போல அவருக்கே இருந்தது. இப்போதுதானே மாற்றியதாகச் சொன்னீர்கள் என்று செயலாளர் எகிறினார்.

"மாத்தலைங்க. இது பழசு. லிஃப்ட் எதனால நழுவுதுன்னு எனக்குப் புரியல. புரியற வரைக்கும் யாரும் ஏற வேணாம்."

கூச்சல் எழுந்தது. பிறகு ஒன்று நடந்தது. மத்தியானத்தில்தான் நழுவுகிறது என்றார் மூன்றாம் மாடி அம்மா. இல்லை, தனியாகப் போனால்தான் என்றார் ஒருவர். கூட்டமாக ஏறும்போதுதான் என்று அடித்துச் சொன்னார் இன்னொருவர். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று அவர் கேட்டதற்கு, எங்கே கேட்டீர்கள், நீங்கள்தான் வந்ததும் காரணம் சொல்லிவிடுவீர்களே என்றார் அந்த அம்மா. காரணத்துக்குச் சுருக்கென்றது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேட்கக் கேட்கக் குழப்பம்தான் கூடியது. லிஃப்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மருமகனும் அவரும் மகளை நாற்காலியில் உட்காரவைத்து மேலே தூக்கிப் போனார்கள்.

கம்பெனியிலிருந்து பெரிய இன்ஜினியர் வந்தார். ஒரு நாள் முழுக்க லிஃப்டை ஓட்டிப் பார்த்தார். அது ஒரு தடவைகூட நழுவவில்லை. கோளாறு லிஃப்டில் இல்லை, காரணத்துக்குத்தான் வயதாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே போனார். மூட்டுவலிக்காரர்கள் படியேறும்போதெல்லாம் காரணத்தைத் திட்டினார்கள். தான் செய்தது சரியா, வெறும் பயமா என்று அவருக்கே பிடிபடவில்லை. ஆனால் மறுபடி பூட்டிய லிஃப்டின் சாவி மட்டும் பையை விட்டு வெளியே வரவில்லை.

அடுத்த வாரம், காரணம் மகள் வீட்டில் தங்கியிருந்த ஒரு விடிகாலையில், அவளுக்கு வலி எடுத்தது. சத்தம் கேட்டுச் செயலாளர் ஓடிவந்தார். ஒரே ஒரு தடவைதானே, சாவியைக் கொடுங்கள் என்று கெஞ்சினார். மருமகனும் காரணத்தையே பார்த்தான். காரணத்தின் கை சட்டைப்பை வரை போனது. நல்லபடியாகவே இறங்கிவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் இறங்கும். அந்தப் 'பெரும்பாலும்' போதாமல் கையை வெறுமையாக எடுத்தார்.

"நாற்காலியைக் கொண்டா மாப்ள," என்றார்.

மருமகனும் செயலாளரும் மேல்பக்கம் பிடித்தார்கள். காரணம் கீழ்ப்பக்கம் பிடித்துப் பின்னோக்கி இறங்கினார். மூன்றாம் மாடித் திருப்பத்தில், பூட்டிய லிஃப்ட் கதவுக்கு எதிரே, மகள் அவர் மணிக்கட்டை இறுகப் பற்றினாள்.

"அப்பா, எனக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?"

எத்தனையோ பேருக்கு எத்தனையோ பதில் சொன்ன வாய் அது. ஒரு படி இறங்கி, காலை ஊன்றிக்கொண்ட பிறகுதான் பேசினார்.

"தெரியலம்மா. கீழ்ப்பக்கம் நான் புடிச்சிருக்கேன்."